பீடமான தலை: கொற்றவை உருவத்தில் பலியும் கடனும்

1. கேள்வி

மாமல்லபுரத்தில் பல்லவர் காலச் சிற்பிகள் ஒரே தெய்வத்தை இரண்டு விதமாகச் செதுக்கியிருக்கிறார்கள். மகிடாசுரமர்த்தினி குடைவரையின் பக்கச் சுவரில் அவள் சிங்கத்தின்மேல் அமர்ந்து வில்லை வளைக்கிறாள். எருமைத் தலையும் மனித உடலும் கொண்ட அசுரன் கதையைப் பற்றியபடி பின்வாங்குகிறான், பூதகணங்கள் முன்னேறுகின்றன, விழுந்தவர்களும் ஓடுபவர்களுமாகச் சுவர் முழுக்கக் கலவரம். சற்றுத் தொலைவில் உள்ள ஆதிவராகக் குடைவரையிலும் திரிமூர்த்தி குடைவரையின் வெளிச்சுவரிலும் அதே தெய்வம் எட்டுக் கைகளோடு, உடல் இல்லாத ஓர் எருமைத் தலையின்மேல் நேராக நிற்கிறாள். அசுரனோ போரோ அங்கே காணப்படவில்லை. காலின் கீழ் கிடக்கும் தலையை அவள் குனிந்து பார்க்கவும் இல்லை.

இந்த இரண்டாவது உருவத்தைத்தான் தமிழகத்தில் கொற்றவை என்கிறோம். விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரங்களில் வயல்வெளியிலும் ஏரிக்கரையிலும் நிற்கும் பல்லவர் காலப் பலகைக் கற்களில் இருப்பவளும் இவளே. முதல் உருவம் கதையின் நடுப்பகுதி, இரண்டாவது அதே கதையின் முடிவு என்று பொதுவாக விளக்கம் சொல்லப்படுகிறது. அசுரனைக் கொன்றாள், பிறகு அவன் தலைமேல் நின்றாள், அவ்வளவுதான் என்று அது முடிந்துவிடுகிறது. இந்த விளக்கம் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். தலைமேல் நிற்கும் கொற்றவையின் உருவம் போரின் இறுதிக் காட்சியைக் காட்டவில்லை. பலியைப் பெற்றுக்கொண்ட தெய்வத்தைக் காட்டுகிறது. அந்த எருமைத் தலை முதலில் ஒரு பீடம். மகிடன் என்ற பெயர் அதற்குப் பின்னால் வந்து பொருந்தியது. இதற்கான சான்றுகள் பாட்டிலும் கல்லிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுள் சில வலுவானவை, சில வலுவற்றவை. இரண்டையும் பிரித்துச் சொல்வது அவசியம்.

2. இதுவரையிலான புரிதல்

கொற்றவை பற்றிய எழுத்துகளில் இரண்டு நிலைப்பாடுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, அவள் தமிழரின் தொல்தெய்வம். வடபுலத்துத் துர்க்கை பின்னாளில் வந்து அவளை விழுங்கிவிட்டாள் என்பது. மற்றொன்று, துர்க்கை அனைத்திந்தியத் தெய்வம்; கொற்றவை என்பது அவளுக்குத் தமிழில் வழங்கிய பெயர் மட்டுமே என்பது. முதலாவது பெருமிதத்தால் பிழைக்கிறது, இரண்டாவது அசட்டையால். கலை வரலாற்றில் இதை நுணுகிப் பார்த்த முன்னோடி ஃபோகல். பல்லவச் சிற்பங்களில் தேவிக்குத் தலையை அரிந்து கொடுக்கும் அடியாரின் உருவத்தை 1931-இல் அவர் தனிக் கட்டுரையாக எழுதினார். அதுவரை முடியைக் காணிக்கையாக்கும் காட்சி என்றுகூடக் கருதப்பட்ட அதைத் தலைப்பலி என்று நிறுவியதில் அவருடைய பங்கு பெரிது. 1963-இல் ஹார்ல், தென்னகத்துத் துர்க்கையின் அருகே நிற்கும் மானையும் தலைப்பலியையும் சேர்த்து ஆராய்ந்தார். 2011-இல் வெளிவந்த ஆர். மகாலட்சுமியின் நூல், கொற்றவையும் துர்க்கையும் ஒன்றாகக் கலந்த போக்கைத் தமிழகச் சமூக மாற்றத்தோடு இணைத்துப் பார்த்தது.

இவர்களுக்குக் கடன்பட்டே இங்கே பேச முடியும். ஆனால் இவ்வாய்வுகளில் எருமைத் தலை பெரும்பாலும் கேள்விக்கு உள்ளாவதில்லை. மானும் தலைப்பலியும் தென்னாட்டுக் கூறுகள், எருமையோ புராணக் கூறு என்று எளிதாகப் பங்கு பிரித்துவிடுகிறோம். அந்தப் பங்கீட்டையே மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கிறது.

3. உருவம் பெறாத தெய்வம்

தொல்காப்பியம் நானிலத் தெய்வங்களாக மாயோன், சேயோன், வேந்தன், வருணன் ஆகிய நால்வரைச் சொல்கிறது. கொற்றவை அப்பட்டியலில் இல்லை. பாலைக்கு அவளைத் தெய்வமாக்கியது பிற்கால மரபு. தொல்காப்பியத்தில் அவள் வருமிடம் புறத்திணையியல். அதிலும் ஆநிரை கவரும் வெட்சித்திணை. ‘கொற்றவை நிலை’ என்பது அத்திணையின் துறைகளுள் ஒன்று. நிலத்துக்குரிய தெய்வமாக அன்றி, ஒரு தொழிலுக்குரிய தெய்வமாகவே அவள் இலக்கணத்துக்குள் நுழைகிறாள். மாடு பிடிக்கப் போகிறவன் போகும் முன்னும் வந்த பின்னும் வணங்கும் தெய்வம் அவள். இந்த இடத்தை மறக்காமல் வைத்துக்கொள்வது பின்னால் உதவும்.

சங்கப் பாடல்களில் அவளுடைய பெயர்கள் பல. உருவக் குறிப்புகளோ மிகக் குறைவு. அகநானூறு (345) கானமர் செல்வி என்கிறது. கலித்தொகை (89) பெருங்காட்டுக் கொற்றி என்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் அவள் துணங்கையஞ் செல்வி, சூரனைக் கொன்ற சேயைப் பெற்றவள். திருமுருகாற்றுப்படை முருகனைக் கொற்றவையின் சிறுவன் என்றும் பழையோளின் குழவி என்றும் அடுத்தடுத்து விளிக்கிறது. பரிபாடலின் 11ஆம் பாடலில் வையையில் நீராட வந்த ஒரு பெண் நெற்றியில் விழிபோலத் திலகமிட்டுக் கொற்றவையின் கோலம் கொள்கிறாள். நெற்றிக் கண் அவளுக்கு உண்டு என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த செய்தியாக இருந்தால்தான் அந்த வேடம் விளங்கும். எருமையோ மானோ இப்பாடல்களில் அவளோடு சேர்த்துச் சொல்லப்படவில்லை.

உருவத்தைவிட உறவைப் பற்றி இப்பாடல்கள் தெளிவாகப் பேசுகின்றன. குறுந்தொகை 218ஆம் பாடலின் தலைவி, மலைப்பிளவில் உறையும் சூலிக்கு நேர்ந்த கடனைத் தான் செய்வதில்லை, கையில் நூல் கட்டிக்கொள்வதுமில்லை என்கிறாள். பிரிந்தவன் நினைவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டாளாம். அவள் விட்டுவிட்டதைச் சொல்வதால்தான் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பது நமக்குத் தெரிகிறது. ‘கடன்’ என்ற சொல் இங்கே முக்கியம். பதிற்றுப்பத்தின் 79ஆம் பாடலில் அயிரை மலைக் கடவுள், வீரர் மார்பின் குருதி கலவாத படையலை ஏற்பதில்லை. பாட்டு ‘கடவுள்’ என்று மட்டுமே சொல்கிறது. கொற்றவை என்று கொண்டது உரைமரபு. அதைச் சற்றுத் தள்ளி வைத்தாலும், கொடுக்கல் வாங்கல் உறவு கொண்ட ஒரு தெய்வம் சங்கப் பாடல்களில் இருக்கிறது. அந்தக் கொடுக்கலில் குருதிக்கு இடமிருக்கிறது. இதற்கு மேல் சங்கப் பாடல்களிடம் எதிர்பார்ப்பது நியாயமல்ல.

4. வேட்டுவ வரியும் வாயிலோன் சொல்லும்

உருவம் முழுமையாகக் கிடைக்கும் முதல் இடம் சிலப்பதிகாரம். அதன் காலத்தை 2ஆம் நூற்றாண்டு முதல் 6ஆம் நூற்றாண்டு வரை பலரும் பலவாறு நகர்த்தியிருக்கிறார்கள். இந்த வாதத்துக்கு அந்தச் சர்ச்சை தீர வேண்டியதில்லை. கடைசிக் காலத்தை ஏற்றாலும் 7ஆம் நூற்றாண்டுப் பல்லவக் குடைவரைகளுக்கு அது முற்பட்டது. அதன் மதுரைக் காண்டத்து வேட்டுவ வரியில், வழிப்பறியும் ஆகோளும் குறைந்து ஊர் வளம் குன்றியதற்குக் காரணம் கடன் செலுத்தாமைதான் என்று சாலினி தெய்வம் ஏறிச் சொல்கிறாள். கலையமர் செல்வி தன் கடனை உண்டாலன்றி வெற்றி தரமாட்டாள். அந்தக் கடன் மிடற்றுக் குருதி. பிறகு எயினர் குலத்துக் குமரி ஒருத்தியைக் கொற்றவையாக ஒப்பனை செய்கிறார்கள். சிறுபாம்பைப் போலத் திரித்த கயிற்றால் முடி கட்டி, பன்றிக் கொம்பைப் பிறையாகச் செருகி, புலிப்பல் தாலி பூட்டி, புலித்தோல் உடுத்தி, கையில் வில்லைக் கொடுத்து, முறுக்குக் கொம்புள்ள ஆண்மானாகிய கலைமேல் ஏற்றுகிறார்கள். கிளியும் கானக்கோழியும் மயிலும் பந்தும் கழங்கும் காணிக்கையாக வருகின்றன. சிவனுக்குரிய பிறையும் பாம்பும் தோலும் காட்டில் கிடைக்கும் பொருள்களாலேயே உருவாக்கப்படுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். எது எதைப் போலச் செய்கிறது என்பதைக் கண்டுபிடிப்பது அவ்வளவு எளிதல்ல. வேடர் புராணத்தைப் பார்த்துச் செய்தார்களா, இளங்கோ வேடரைப் புராணத்தின் கண்ணால் பார்த்தாரா? இரண்டாவதற்கே வாய்ப்பு மிகுதி என்பது என் கருத்து.

ஒப்பனைக்குப் பின் வரும் பாட்டில் தேவியை முன்னிலைப்படுத்தி மூன்று தாழிசைகள் வருகின்றன. மூன்றிலும் ஒரே வினை: நின்றாள். முதலாவதில் யானைத்தோல் போர்த்து, காட்டெருமையின் கருந்தலைமேல் நிற்கிறாள். இரண்டாவதில் வாளேந்தி மயிடனை அழித்தவள், முறுக்குக் கொம்புள்ள கலைமேல் நிற்கிறாள். மூன்றாவதில் சங்கும் சக்கரமும் ஏந்திச் சிங்கத்தின்மேல் நிற்கிறாள். மயிடனை அழித்த செய்தி, எருமைத்தலை வரும் பாட்டில் இல்லை. மான் வரும் பாட்டில்தான் இருக்கிறது. எருமைத்தலை வரும் பாட்டிலோ அசுரன் பெயரே இல்லை. காட்டில் திரியும் எருமை என்பது மட்டுமே அதன் அடைமொழி. ஒரே தெய்வத்தின் பண்புகளை மூன்று பாட்டுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது வரிப்பாட்டின் இயல்பு, இதை மிகையாக அழுத்தக்கூடாது என்று ஒருவர் சொல்லலாம். ஏற்கிறேன். இதை மட்டுமே வைத்து எதையும் நிறுவ முடியாது.

ஆனால் அதே மதுரைக் காண்டத்திலேயே இன்னொரு சான்று இருக்கிறது. ஒற்றைச் சிலம்போடு அரண்மனை வாயிலில் நிற்கும் கண்ணகியைப் பற்றிப் பாண்டியனுக்குச் சொல்ல ஓடும் வாயிலோன், அவள் யாராக இல்லை என்று ஒரு பட்டியல் போடுகிறான். கொற்றவை, எழுவருள் இளையவளான பிடாரி, இறைவனை ஆடச் செய்த அணங்கு, காட்டை உகந்த காளி, தாருகனின் மார்பைப் பிளந்தவள் என்று ஒவ்வொருவராகச் சொல்லி, இவர்களுள் எவரும் அல்லள் என்கிறான். தமிழில் உக்கிரத் தெய்வங்களைத் தனித்தனியே பிரித்துச் சொன்ன மிகப் பழைய பட்டியல்களுள் இது ஒன்று. பின்னாளில் ஒன்றாகக் குழைந்துபோன தெய்வங்கள் இங்கே வேறு வேறாக நிற்கிறார்கள். தாருகனைக் கொன்றவளுக்கு அசுரன் பெயர் அடையாளமாகிறது. கொற்றவைக்கு மகிடன் பெயர் சொல்லப்படவில்லை. அவளுக்கு அடையாளம், குருதி அடங்காத வெட்டுப்பட்ட தலையாகிய பீடம். ‘பீடம்’ என்ற சொல்லை இளங்கோவே ஆள்கிறார். மேலும், அது யாருடைய தலை என்று அங்கே சொல்லப்படவில்லை. உரையாசிரியர்கள் மகிடனைக் கொண்டுவந்து பொருத்தினார்கள். அந்தப் பொருத்தம் தவறு என்று சொல்ல வரவில்லை. ஆனால் மூலத்துக்கு அது தேவைப்படவில்லை.

5. கல்லில் காண்பது

வடநாட்டில் இக்கதையின் உருவங்கள் இதற்கு வெகு முன்பே கிடைக்கின்றன. ராஜஸ்தானின் நகர் என்னும் ஊரில் கிடைத்த சுடுமண் பலகை, கிறித்து ஆண்டின் தொடக்கத்தை ஒட்டியது. மதுராவில் குஷாணர் காலச் சிற்பங்கள் ஏராளம். விதிஷாவை அடுத்த உதயகிரியின் 6ஆம் குகையில், குப்தர் ஆண்டு 82 (பொ.ஆ. 401-402) பொறித்த கல்வெட்டின் அருகே பன்னிரு கைகளோடு அவள் இருக்கிறாள். இவை எல்லாவற்றிலும் எருமை முழு விலங்கு. தேவி அதன் கழுத்தை நெரிக்கிறாள், நாக்கைப் பிடிக்கிறாள், வாலைத் தூக்குகிறாள், சூலத்தால் குத்துகிறாள். கொலை நடந்துகொண்டே இருக்கிறது. தேவி மாகாத்மியத்திலும் அசுரனைக் காலால் மிதித்து, எருமையின் வாயிலிருந்து அவன் வெளிப்படும்போது தலையைத் துணிக்கிறாள். துணித்த தலைமேல் ஏறி நிற்கும் காட்சி அதில் வருவதில்லை. அறுபட்ட தலைமேல் அசையாது நிற்கும் நிலை தமிழகத்தில்தான் வழக்கமான வழிபாட்டுருவம் ஆகிறது. இது உள்ளூர்ப் பொருளொன்றைச் சுமக்கிறது என்று ஐயுற இடமிருக்கிறது.

அந்த ஐயத்தை உறுதியாக்குவது திரௌபதி ரதம். ஐந்து ரதங்களுள் மிகச் சிறியது அது. ஓலைக் குடிசையின் கூரையைக் கல்லில் அப்படியே வடித்தது. வெளிச்சுவர் மாடத்தில் தேவி எருமைத் தலைமேல் நிற்கிறாள். கருவறையின் பின்சுவரில், அதாவது வழிபாட்டுக்குரிய மூல இடத்தில், நான்கு கைகளோடு தாமரைமேல் நிற்கிறாள். அங்கே எருமையே இல்லை. ஆனால் தலைப்பலி இருக்கிறது. காலடியில் மண்டியிட்ட இருவருள் ஒருவன் இடக்கையால் தன் குடுமியை இழுத்துப் பிடித்து, வலக்கை வாளைக் கழுத்தருகே கொண்டுபோகிறான். அவன் முகத்தில் வலி இல்லை. கருவறைச் சிற்பத்தைத் திட்டமிட்டவர் எருமையை விட்டுவிடலாம் என்று நினைத்தார். தலை தருபவனை விட்டுவிடலாம் என்று நினைக்கவில்லை. எது இன்றியமையாதது, எது விருப்பத்துக்குரியது என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு சிற்பி சொல்ல முடியாது. செஞ்சிக்கு அருகே சிங்கவரத்திலும், திருச்சிராப்பள்ளி மலையின் கீழ்க்குடைவரையிலும் தலை தரும் அடியார் மீண்டும் வருகிறார்.

எருமைத் தலையும் தலை தரும் அடியாரும் சேர்ந்து வரும் சிற்பங்களில் இரண்டு தலைகள் இருக்கின்றன: காலின் கீழ் ஏற்கெனவே அறுபட்ட எருமைத் தலை, காலருகே இனி அறுபடப்போகும் மனிதத் தலை. ஒன்று கொடுத்து முடிந்தது, மற்றது கொடுக்கப்படுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எருமைத் தலை பகைவனின் எச்சமாகத் தோன்றுவதில்லை. முந்தைய காணிக்கையாகத் தோன்றுகிறது. நெல்லூர் மாவட்டத்து மல்லத்தில் கம்பவர்மனின் 20ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, படாரிக்கு நவகண்டம் (உடலின் ஒன்பது இடங்களில் அரிந்து தரும் பலி) கொடுத்துத் தலையை அறுத்துப் பீடத்தின்மேல் வைத்தவனின் வழியினருக்கு ஊரார் நிலம் கொடுத்ததைச் சொல்வதாக வாசிக்கப்படுகிறது. சிற்பத்தில் காண்பது வெறும் கற்பனை இல்லை என்பதற்கு இது சான்று. அறுத்த தலை வந்து சேர வேண்டிய இடம் தேவியின் பீடம் என்பதற்கும் இதுவே சான்று.

6. முறுக்குக் கொம்பு

மானைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பலகைக் கற்களில் கொற்றவையின் பின்னால் நிற்கும் மானை ‘புள்ளிமான்’ என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். புள்ளிமானின் கொம்பு கிளைவிடும், ஆண்டுதோறும் உதிரும். திருகிய, கிளையற்ற கொம்பு தமிழ்நிலத்தில் ஒரே விலங்குக்குத்தான் உண்டு: இரலை, புல்வாய், வெளிமான் என்று பல பெயர்களால் குறிக்கப்படும் மான். சிலம்பு சொல்லும் ‘திரிந்த கோடு’ அதையே சுட்டுகிறது. (அதன் கடா சுமார் 40 கிலோதான் இருக்கும், ஒரு குமரியை அதன்மேல் ஏற்றுவது எப்படி என்று உரைகள் கவலைப்படவில்லை. மரத்தாலோ மண்ணாலோ செய்த உருவமாக இருந்திருக்கலாம்.) இரலை மலைக்காட்டு விலங்கும் அல்ல, அடர்ந்த மரச்செறிவில் அது வாழாது. அது வாழ்வது புல்வெளியிலும் முட்புதர் நிறைந்த வறண்ட சமவெளியிலும். மேய்ச்சல் மாடு திரிவதும், மாடு பிடிப்பவன் வருவதும் அதே நிலம்.

இங்கேதான் தொல்காப்பியத்தின் வெட்சி நினைவுக்கு வருகிறது. செங்கம் வட்டாரத்து நடுகற்கள் சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் ஆட்சியாண்டுகளைக் குறித்து, ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும் பட்டவர்களின் பெயர்களைச் சொல்கின்றன. வெட்சி அக்காலத்தில் செய்யுள் மரபாக மட்டும் இருக்கவில்லை. மனிதர் செத்துக்கொண்டிருந்த தொழிலாக இருந்தது. கொற்றவைப் பலகைக் கற்கள் மிகுதியாகக் கிடைப்பதும் இதே வடதமிழக நிலப்பரப்பில்தான். மானும் மாடும் மறவரும் ஒரே நிலத்தில் சேர்கிறார்கள். பல்லவ அரசு தன் குடைவரைகளுக்குள் கொற்றவையைக் கொண்டுவந்தபோது, படைக்கு ஆள் தந்த அந்த நிலத்தின் தெய்வத்தையே கொண்டுவந்தது என்று கொள்வதில் தடையில்லை. இது ஊகம், ஆனால் நிலவியலும் கல்வெட்டும் தாங்கும் ஊகம்.

7. மறுப்புகள்

எதிர்வாதங்களில் வலுவானது இது: ஆதிவராகக் குடைவரையில் கொற்றவை தனித்து இல்லை, வராகரும் கஜலட்சுமியும் உடனிருக்கிறார்கள். அவள் கையில் சங்கும் சக்கரமும் உண்டு. வடமொழிப் புராணம் அறிந்த அரசனின் கோயிலில் எருமைத் தலை மகிடனாக அன்றி வேறு எதுவாக இருக்கும்? அரசனின் அவையில் அது மகிடனாகவே புரிந்துகொள்ளப்பட்டது என்பதில் ஐயமில்லை. என் வாதம் அதை மறுப்பதன்று. ஓர் உருவத்துக்கு இரண்டு பொருள் இருக்கலாம். அதனால்தான் அது இரண்டு வகை மக்களிடமும் செல்லுபடியானது. கதையை மட்டும் சொல்ல விரும்பியபோது அதே சிற்பிகள் மகிடாசுரமர்த்தினி குடைவரையில் எப்படிச் சொன்னார்கள் என்று பார்த்தோம். அங்கே மான் இல்லை, தலை தருபவனும் இல்லை. மானும் தலைப்பலியும் நிற்கும் உருவத்தோடு மட்டுமே சேர்ந்து வருகின்றன. இந்தப் பகுப்பு தற்செயலாக நேர்ந்திருக்க முடியாது.

இரண்டாவது எதிர்வாதம், எருமைப் பலி தமிழகத்தில் அவ்வளவு பழமையானதா என்பது. 1916-இல் வெளிவந்த தென்னிந்தியக் கிராமத் தெய்வங்கள் பற்றிய நூலில் ஹென்றி வொயிட்ஹெட், எருமையின் தலையை அறுத்து, அதன் முன்னங்காலை வாயில் வைத்து, தேவியின் முன் கிடத்தி அதன்மேல் விளக்கேற்றும் வழக்கத்தைப் பதிவு செய்தார். பெரும்பாலும் தெலுங்கு மாவட்டச் செய்திகள் அவை. செஞ்சிக் கோட்டையின் கமலக்கண்ணி அம்மனுக்கு எருமைப் பலி உண்டு. அவ்வட்டாரத்தைத் திரௌபதி வழிபாட்டோடு சேர்த்து ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988-இல் விரிவாக எழுதினார். சிங்கவரம் அங்கிருந்து கூப்பிடு தொலைவு. இவை ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு முந்தைய சடங்கை நேரடியாக நிறுவா என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எனினும் வேட்டுவ வரியின் காட்டெருமைத் தலையையும், அதே பகுதியில் பேசப்படும் கழுத்துக் குருதியையும் இவற்றோடு ஒருசேர வைத்துப் பார்ப்பது வரம்பு மீறல் ஆகாது.

வரம்பு மீறல் எங்கே தொடங்குகிறது என்றால், கொற்றவையைச் சிந்துவெளி வரை இழுக்கும்போது. மொகஞ்சதாரோ முத்திரை ஒன்றில் அரசமரத்துள் நிற்கும் தெய்வம், முன்னே மண்டியிட்டவர், சிலர் அறுபட்ட தலை என்று வாசிக்கும் ஒரு பொருள், ஓர் ஆடு ஆகியவை உள்ளன. பார்ப்பதற்குக் கவர்ச்சியான ஒப்புமை. ஆனால் இடையே உள்ள இரண்டாயிரம் ஆண்டுக்குமேலான இடைவெளியை நிரப்ப ஒரு கண்ணியும் இல்லை. ஆதிச்சநல்லூரில் 2004-05 அகழாய்வில் கிடைத்த பானையோட்டில் ஒரு பெண்ணும் மானும் முதலையும் ஒட்டுருவாகத் தெரிகின்றன. உடனே அவளைத் தாய்தெய்வம் என்று எழுதிவிட்டார்கள். மான் அருகில் நிற்கும் பெண்ணெல்லாம் கொற்றவை ஆகமாட்டாள்.

8. தாய் என்னும் சொல்

இது ‘தாய்தெய்வம்’ என்ற சொல்லாட்சியைப் பற்றியே ஒரு கேள்வியை எழுப்புகிறது. கொற்றவை என்ற பெயரைக் கொற்றம், அவ்வை என்று பிரிப்பது வழக்கம். கொற்றம் வெற்றியையும் அரசையும் குறிக்கும். கொல் என்ற வேரோடு அதை இணைப்பாரும் உண்டு. அவ்வை தாயையும் மூத்தவளையும் குறிக்கும். முருகனின் தாய் என்று ஆற்றுப்படை நூல்கள் சொல்கின்றன. இவ்வளவு இருந்தும் சிற்பத்தில் அவள் தாயாக இல்லை. மடியில் குழந்தை இல்லை. சப்தமாதர் சிலைகளில் மடியிலோ இடுப்பிலோ குழந்தை காட்டும் மரபு பல இடங்களில் உண்டு. கொற்றவைக்கு அது என்றும் வந்ததில்லை. வேட்டுவ வரியில் அவளாக வேடம் பூணுபவள் மணமாகாத குமரி. ஆக, பாட்டில் மூத்தவளும் தாயும், சடங்கில் கன்னி, கல்லில் இரண்டும் அல்லாத வாளேந்தி. அவ்வை என்பதை உறவுமுறையாக அல்லாமல் மதிப்புரைச் சொல்லாகக் கொண்டால் இந்த முரண் பெருமளவு தளர்கிறது. இன்றும் எந்தப் பெண்தெய்வமும் நமக்கு ‘அம்மன்’தானே. ஆதித் தாய்வழிச் சமூகத்தின் எச்சம் என்று கொற்றவையைக் காட்டும் விளக்கங்கள் இந்த ஒரு சொல்லின்மேல் அதிக எடையை ஏற்றிவிட்டன. வளமையையும் பிறப்பையும் அவளிடம் வேண்டியதற்குப் பழம்பாடல்களில் அழுத்தமான சான்று இல்லை. வேண்டியது வெற்றி, கொடுத்தது குருதி.

9. பிற்காலம்

சோழர் காலத்தில் உருவம் மெல்ல மெலிகிறது. விஜயாலயன் தஞ்சையைக் கைப்பற்றி அங்கே நிசும்பசூதனியை நிறுவினான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது; வெற்றிக்குப் பின் வெற்றித் தெய்வத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்தான், ஆனால் தெய்வத்தின் பெயர் புராணத்திலிருந்து வந்தது. 10ஆம் நூற்றாண்டின் புள்ளமங்கையில் வடபுற மாடத்துத் துர்க்கை இன்னும் பழைய இலக்கணத்தோடு நிற்கிறாள்: எருமைத் தலை, குடை, ஒருபுறம் மான், மறுபுறம் சிங்கம், கீழே தன்னை அரிந்து கொடுக்கும் வீரர். தமிழகத்தின் மிக அழகான கொற்றவை எது என்று கேட்டால் தயங்காமல் இதைச் சொல்வேன். அதற்குப் பிந்தைய கோயில்களில் வீரர்கள் மறைகிறார்கள், மான் அரிதாகிறது. 12ஆம் நூற்றாண்டின் கலிங்கத்துப்பரணியில் தலைப்பலி காளி கோயிலுக்குப் போய்ச் சேர்ந்து, அச்சமும் வியப்பும் கலந்த கவிப்பொருளாகிறது. சிவன் கோயில் மாடத்தில் எஞ்சுவது எருமைத் தலை ஒன்றே. பலி தருபவர் போனபின் அந்தத் தலைக்கு வேறு பொருள் இல்லாமல் போகிறது. அது மகிடன் மட்டுமே ஆகிறது. கதை உருவத்தை முழுதாக எடுத்துக்கொண்டது இப்போதுதான். பல்லவர் காலத்திலேயே அது நடந்துவிட்டதாக எண்ணுவது காலத்தை முன்தள்ளுவது.

வயல்வெளிப் பலகைக் கற்களின் கதை வேறு. பல இடங்களில் எருமைத் தலை மண்ணுக்குள் புதைந்திருக்கும், அல்லது புடவைக்குள் மறைந்திருக்கும். ஊரார் தங்கள் ஊர் அம்மன் பெயரால் அழைப்பார்கள். கோயில் மாடத்தில் அவள் விஷ்ணு துர்க்கை. ராகு காலத்தில் எலுமிச்சம்பழத்தை இரண்டாக அறுத்து, தோலைத் திருப்பி, நெய்விட்டுத் திரியேற்றி அவள்முன் வைக்கிறார்கள். குறுந்தொகைத் தலைவி செய்யாமல் விட்டதும், சாலினி கேட்டு வாங்கியதும் எந்தச் சொல்லால் குறிக்கப்பட்டதோ, அச்சொல்லே இதற்கும் வழங்குகிறது: நேர்த்திக்கடன்.